பிரேமுக்குள் ஐந்து தலைவர்கள்

நாட்டின் மனநிலை மாறினால் நாமெல்லாம் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். வாசகரே, இன்னொரு இனம் இருக்கிறது. அதன் வரவேற்பறைச் சுவரைப் பார்த்தாலே போதும். ஆணி அதேதான், பிரேமும் அதேதான். உள்ளே சிரிக்கும் தலைவர் மட்டும் வேறு.

எங்கள் அலுவலகக் குமாஸ்தா இந்த இனத்தில் அசல் சரக்கு. காலையில் முடிதிருத்தும் கடையில் நாலு பேர் முணுமுணுப்பதைக் காதில் வாங்கி, பேருந்தில் இரண்டு பேர் தலையாட்டுவதையும் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டில் "நாடே கொதிக்குதுங்க" என்பார். போன மாதம்தானே "நாடே பூரிச்சுப் போயிருக்கு" என்றார்? கேட்டுப் பாருங்கள். "நான் அப்பவே சொன்னேன், நீங்கதான் கவனிக்கலை" என்று பழியை நம் தலையில் போடுவார். சாயங்காலம் வீட்டில் படம் மாறிவிடும். பழைய படத்தை வெளியே எடுப்பாரா? மாட்டார். அதன் மேலேயே புதியதை வைத்து அமுக்கிவிடுவார். நாடு மனசு மாறித் திரும்பி வந்தால்?

தலைமைக் குமாஸ்தா பதவி காலியானது. பன்னிரண்டு வருடக் கனவு அவருக்கு. சிபாரிசு எழுதவேண்டிய மேலாளர், ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மேலாளர் யார் பக்கம்?

"யாரை மாட்டலாம்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"முகம் பார்க்கிற கண்ணாடியை மாட்டுங்க. வர்றவருக்குப் பிடிச்ச ஆளு அதுல தெரிவாரு."

கேட்டாரா? வெட்ட முடியே இல்லாத தலையோடு இரண்டு முறை முடிதிருத்தும் கடைக்குப் போய்வந்து, மூடமாட்டேன் என்று அடம்பிடித்த பிரேமுக்குள் ஐந்தாவது படத்தையும் திணித்தார்.

மேலாளர் என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். அவர் முதல் வாய் தேநீர் குடித்ததுதான் தாமதம், பிரேமின் பின்பலகை பிய்த்துக்கொண்டது. ஐந்து தலைவர்களும் அவர் காலடியில் விழுந்தார்கள். குமாஸ்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

மேலாளர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். நெற்றி சுருங்கியது.

"என்னங்க இது?"

"சார், அது வந்து..."

"மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல ஒருத்தரை விட்டுட்டீங்களே. ஆறு மாசம் நாடே அவருக்காக உசுரை விட்டுச்சு. எங்க வீட்டு பிரேம்ல இருக்காரு."

சிபாரிசு மறுநாளே கையெழுத்தானது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு பிரேமின் முதுகை ஒருமுறை தடவிப் பாருங்கள். நான் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.