பூவுக்குப் பிரஷ் பிடித்த டாக்டர்

உயிரினங்களில் 'ஒழிப்பு வீரர்' என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் நிச்சயம் இருப்பார். ஊர்வது, பறப்பது, தத்துவது எதைக் கண்டாலும், "இது எதுக்கு இருக்கு?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு பல் டாக்டர். தொந்தரவு கொடுப்பதைப் பிடுங்கிவிட்டால் நிம்மதி என்பது தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதை அப்படியே கொல்லைப்புறத்துக்கும் கொண்டுபோய்விட்டார். அங்கே அவர் மனைவி ஆசை ஆசையாகப் பூசணிக்கொடி வளர்த்துக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வரப்போகும் அக்காவிடம், "இந்தத் தடவை என் தோட்டத்துக் காய்தான் உனக்கு" என்று போனில் பீற்றிக்கொண்டும் விட்டார்.

முதலில் போனது குளவிக்கூடு.

"அது பாட்டுக்கு இருக்குங்க. நம்மள என்ன பண்ணுச்சு?" என்றார் மனைவி.

பண்ணட்டும் என்று காத்திருக்க டாக்டர் என்ன ஏமாளியா? கூடு காலி. குளவிகள் தினமும் தூக்கிக்கொண்டு போன புழுக்களைத் தூக்க ஆளில்லாமல் போகவே, அவை இலைக்கு இலை பந்தி போட்டு உட்கார்ந்துவிட்டன. டாக்டர் அசருவாரா? மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, இலை, தண்டு, பூவின் உள்பக்கம் என்று ஓரிடம் விடாமல், கொடியே வாய் கொப்பளிக்கிற அளவுக்கு மருந்தடித்தார். புழு செத்தது. தேனீயும் செத்தது. அப்புறம் பூத்த பூவெல்லாம் காய்க்காமல் உதிர்ந்தது.

மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா வந்தா எதைக் காட்டுறது? உங்க மருந்து டப்பாவையா?"

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும், பல் அடைக்கும்போது பசை தடவுகிற மெல்லிய பிரஷ்ஷோடு கொடியடியில் குந்தினார். ஆண் பூவில் மகரந்தத்தைத் தொட்டு, பெண் பூவில் தடவி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த பூவுக்கு நகர்ந்தார். தேனீக்கள் சம்பளம் கேட்காமல் செய்த வேலை!

"வாயை நல்லாத் திறக்கச் சொல்லுங்க," என்றார் மனைவி.

ஒரே ஒரு பிஞ்சு பிடித்தது. பேரப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருவரும் அதையே பார்த்து நின்றார்கள். காம்பின் மேல் எறும்பு வரிசையொன்று போனது. டாக்டரின் முகம் மாறியது.

"பொடி எங்கே?"

"பொடியைத் தொட்டுப் பாருங்க. அடுத்துப் பல்லைப் பிடுங்குறது நான்தான்!"

சிரிக்கிறீர்கள். நீங்கள் அப்படிப்பட்டவரே இல்லை. இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டே, சுவரோரமாகப் போன பூச்சியைச் செருப்பால் தேய்த்தீர்களே, அது யாருடைய சாப்பாடு என்று கேட்டீர்களா?