கடைசிப் பகுதி உன் பையில்

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவது முறை. தொடங்கிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. விடுதியில் உன்னோடு தங்கியிருக்கும் தோழிகள் படிக்க நல்ல புத்தகங்களாகச் சொல்லச் சொல்லியிருந்தாய். வகைக்கு ஒன்று. துப்பறியும் கதை, பயணம், குடும்பம். வேலை முடிந்து வந்தால் மனசு லேசாக வேண்டும், அழ வைக்கக் கூடாது என்று நிபந்தனை வேறு. வருந்துகிறேன். இனி யாருக்கும் எந்தப் புத்தகத்தையும் நான் சொல்வதாக இல்லை.

ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தாய். விடுமுறைக்கு வீட்டுக்கு வரலாமா, அப்பா என்ன சொல்வார் என்று. அதற்கும் வருந்துகிறேன். இப்போதைக்கு வராதே. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

நம் வீட்டில் புத்தகம் படிக்கும் முறையை உன் தோழிகளிடம் சொல்லியிருக்க மாட்டாய். சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும் பொறுமை நமக்குக் கிடையாது. பழைய புத்தகக் கடையிலிருந்து புத்தகம் வந்ததும் அம்மா ரொட்டி வெட்டும் கத்தியால் அதை மூன்றாகப் பிரிப்பாள். ஆளுக்கு ஒரு பகுதி, முடித்ததும் கைமாற்றிக்கொள்வோம். நடுப்பகுதி கிடைத்தவர், "இந்த ஆளு யாரு, எதுக்கு அழறான்?" என்று கேட்டுக்கொண்டே படிப்பார். எல்லோரும் படித்த பிறகு அம்மா ஊசி நூலால் தைத்து அலமாரியில் வைப்பாள்.

தைக்கப்படாதது ஒன்றே ஒன்று. அந்தத் தபால்காரர் கதை. ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்துவிட்டு, தனக்கு வந்த கடிதத்தை மட்டும் பிரிக்காமலே வைத்திருப்பாரே, அவர். அதைப் படித்துக்கொண்டிருந்த நாளில்தான், அப்பா தன் அலுவலகத்தில் உனக்குச் சொல்லிவைத்திருந்த வேலை வேண்டாம், துறைமுக வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னாய். "போறதுன்னா அப்படியே போயிடு" என்றார். நீ அப்படியே போனாய். கடைசிப் பகுதி உன் பையில். அப்பா அப்போதுதான் நடுப்பகுதியை முடித்திருந்தார். பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானாக ஒருமுறை கேட்டேன். "அதுக்கு என்ன முடிவு வரும்னு எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறவனுக்குத் தோன்றும் யோசனை. நாவல் மனிதனை மாற்றும்.

கடைக்குப் போய் மூன்று புத்தகங்கள் வாங்கினேன், அம்மாவுக்குத் துப்பறியும் கதை, மலை ஊருக்குப் போக விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கும் சித்தப்பாவுக்குப் பயணக் கதை, அப்பாவுக்கு, வீட்டைவிட்டுப் போன மகள் மழையில் நனைந்தபடி திரும்பி வர, தகப்பன் ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிடும் குடும்பக் கதை, அந்தத் துண்டுக் காட்சி வரைக்கும் அவர் வந்துவிட்டால் போதும், மறுநாளே உன்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன், இந்தத் தடவைதான் ஆளுக்கொரு புத்தகம் இருக்கிறதே வெட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அம்மா பழக்க தோஷத்தில் மூன்றையும் வெட்டிவிட்டாள், எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு, மின்விசிறி வேறு முழு வேகத்தில், அவசர அவசரமாக அள்ளி நூல் கட்டியது நான்தான், அங்கேதான் ஒன்றின் பகுதி இன்னொன்றோடு மாறிப்போனது.

சித்தப்பா பனியும் ஏரியுமாகப் படித்துக்கொண்டே போனார். நடுவில் ஏரிக்கரையில் ஒரு பிணம். "எழுதினவர் நேர்ல பார்த்திருக்காருடா, பொய்யா சொல்வாரு?" என்று விடுப்பை ரத்து செய்துவிட்டார். அம்மாவின் துப்பறிவாளர் கொலையைப் பாதியில் விட்டுவிட்டுக் குதிரையில் மலை பார்க்கப் போனார். "போகட்டும் பாவம், அவருக்கும் ஓய்வு வேணும்ல" என்றாள். கடைசியில் ஒரு பெண் மழையில் வர, ஒரு பெரியவர் அவள் தலையைத் துவட்டினார். அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். "கொலை பண்ணது அந்தப் பொண்ணுதான்னு நினைக்கிறேன். ஆனா நல்ல பொண்ணுடா." பெயர்கள் மாறியது யாருக்கும் உறைக்கவில்லை. நடுவிலிருந்து படித்தே பழகியவர்கள்.

துண்டுக் காட்சி அம்மாவிடம் போய்விட்டது. அப்படியானால் அப்பாவிடம் என்ன போயிருக்கும் என்று நீயே யோசி.

அவர் சாய்வு நாற்காலியில், மூக்குக் கண்ணாடியைக் கூட ஏற்றிவிடாமல், ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார். கதையில் மகள் வீடு திரும்ப ரயில் ஏறிவிட்டாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில், வந்தவள் சூடாகத் தேநீர் போட்டு, சர்க்கரையோடு வேறு எதையோ கலந்து, பெரியவர் கையில் கொடுத்தாள்.

மூடி வைத்துவிட்டார்.

"வாங்க பேராசிரியரே. இதைத்தான் எனக்குன்னு தேடிப் பிடிச்சீங்களா?"

"கட்டும்போது மாறிப்போச்சுப்பா."

"திரும்பி வர்ற பொண்ணு இதுக்குத்தான் வருவாளா?"

"இல்லப்பா, சரியானதைக் கட்டித் தர்றேன்."

"ஒண்ணும் வேணாம். நீ கட்டினவரைக்கும் போதும்."

அன்றிலிருந்து செய்தித்தாள் மட்டும்தான். தேநீரைக் கொடுத்தால் ஒருமுறை முகர்ந்து பார்க்கிறார். உன் பேச்சு வந்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார். இருந்ததையும் நான் கெடுத்துவிட்டேன். சும்மா இருந்திருந்தால் தானாகவே இளகியிருப்பாரோ என்னவோ. அதனால்தான் வராதே என்கிறேன். வாசலில் நீ நிற்க, அவர் பால்கனிக்குப் போவதைப் பார்க்க என்னால் முடியாது.

உன்னிடம் இருக்கும் அந்தக் கடைசிப் பகுதியைத் தோழிகளுக்கே கொடுத்துவிடு. முன்கதை தெரியாமல் படித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். இதைப் பரிந்துரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு விடாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். சித்தப்பா, மலைப்பக்கம் மட்டும் போகாதே என்கிறார். அவர்கள் இருவரின் ஆசியும் இத்துடன்.

மன்னிப்புக் கேட்கும்,
தம்பி

பி.கு.: இந்த வீட்டில் தாளைத் தனியாக விடக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தால் முதல் தாளை மேசையில் காணோம். அப்பா அதைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றார். "அடுத்த பகுதி எங்கடா?" என்றார். கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"அவளை வராதேன்னு எழுத உனக்கு யாருடா அதிகாரம் கொடுத்தது?"

"நீங்கதானேப்பா, திரும்பி வர்ற பொண்ணைப் பத்தி..."

"அது கதையில வர்ற பொண்ணு. நம்ம பொண்ணைச் சொன்னேனா?"

பால்கனிப் பக்கம் பார்த்தார். போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தத் தபால்காரர் கடைசியில கடிதத்தைப் பிரிச்சாரா இல்லையா?"

"உங்களுக்குத்தான் முடிவு தெரியும்னு சொன்னீங்களே."

"தெரியாதுடா."

அதை மட்டும் தபாலில் அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். தபாலை நம்ப முடியாதாம். உன்னையே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். எழுதிவிட்டு உறையை ஒட்டப் போனேன், மறுபடி கூப்பிட்டார்.

"இதையும் எழுது. வாசல்ல நின்னுக்கிட்டே முடிவைச் சொல்லிடக் கூடாது. முதல்ல உள்ள வரட்டும்."