மூன்று ஆராதனை, ஒரு கைகுலுக்கல்

போன மாசம் முதல் ஞாயிறு எனக்கு இருந்தது ஒரே வேலை. பெங்களூர் ஒக்கலிபுரத்துல எங்க சர்ச்சுக்குப் போகணும், மாசம் ஒரு தடவை அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து எடுக்கணும், மட்டன் குழம்புக்கு வீடு திரும்பணும்.

இதைக்கூட ஒருத்தன் சொதப்ப முடியுமான்னு கேட்பீங்க. எனக்கு அதுல தனித் திறமை உண்டு.

முட்டிவலியால வீட்டம்மா வரல. ஆனா வாசல் கேட் வரைக்கும் நொண்டிக்கிட்டே வந்து உத்தரவு போட்டாங்க. எட்டு மாசமா முதல் ஞாயிறு ஆனா மட்டும் எனக்குத் தலைவலி வர்றதை அவங்க கவனிச்சுட்டேதான் இருந்திருக்காங்க.

"இன்னிக்குத் திருவிருந்து எடுக்காம வந்தீங்கன்னா, குழம்பைத் தூக்கி வாட்ச்மேனுக்குக் கொடுத்துடுவேன்."

வாட்ச்மேன் அப்பவே கையைத் துடைச்சுக்கிட்டு நின்னான்.

என் தலைவலிக்குப் பேரு தேவராஜ். பொம்மசந்திராவுல ஃபேக்டரி சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பது வருஷமா சர்ச்சுல எனக்குப் பக்கத்து இடம்.

திருவிருந்துக்கு முன்னாடி எங்க சபையில ஒரு வழக்கம். பாஸ்டர் பீடத்திலிருந்து இறங்கி வந்து, முதல் பெஞ்சுக்காரர் கையைப் பிடிச்சு 'சமாதானம் உண்டாவதாக'ன்னு சொல்லுவார். அவர் பக்கத்து ஆளுக்குச் சொல்லணும், அந்த ஆள் அடுத்தவருக்கு. அப்படியே கை மாறிக் கடைசி பெஞ்ச் வரைக்கும் போகும். நான் வாங்கினா தேவராஜுக்குத்தான் கொடுத்தாகணும்.

வேற இடத்துல உட்காரலாமே? முப்பது வருஷ இடத்தை மாத்தினா, சண்டைன்னு நானே நோட்டீஸ் ஒட்டின மாதிரி ஆயிடும்.

சண்டை வந்த இடம்தான் விசேஷம். எட்டு மாசம் முன்னாடி, அறுவடைக்கு நன்றி சொல்ற அறுப்பின் பண்டிகைக்கு சபையார் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டோம். அதுக்கு அன்பின் விருந்துன்னு பேரு. மட்டன் வாளி தேவராஜ் கையில. நான் தட்டை நீட்டினேன். பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டான்:

"என்னய்யா, உனக்கு இது ரெண்டாவது பந்தியில்ல?"

அந்தச் சத்தத்துல சிட்டி ஸ்டேஷன்ல நின்ன மைசூர் வண்டி அஞ்சு நிமிஷம் லேட்டா கிளம்பினதா கேள்வி. அன்னிக்கே பேச்சை நிறுத்தினேன்.

சரி, கதைக்கு வர்றேன். எங்க சர்ச்சுல ஞாயிறு மூணு ஆராதனை. ஆறரைக்குக் கன்னடம், எட்டரைக்குத் தமிழ், பத்தரைக்கு இங்கிலீஷ். தேவராஜ் தமிழுக்குத்தான் வருவான். அதனால நான் கன்னடத்துக்குப் போயிட்டேன். அம்பது வருஷமா பெங்களூர்ல இருக்கேன், ஆண்டவருக்கு என் கன்னடம் புரியாதா என்ன?

உள்ளே கால் வெச்சா, மூணாவது பெஞ்சுல தேவராஜோட வழுக்கைத் தலை.

அவனும் திரும்பிப் பார்த்தான். நான் வராத போனைக் காதுல வெச்சு, "ஹலோ, ஹலோ"ன்னு வெளியே வந்துட்டேன். எதிர்ல நின்னுக்கிட்டே சாப்பிடுற தர்ஷினி ஹோட்டல்ல ஒரு காபி, ஒரு செட் தோசை.

மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். அவன் கன்னடத்துல முடிச்சுட்டுப் போயிடுவான், தமிழ் ஆராதனை நமக்கு. எட்டரைக்கு நிம்மதியா போய் என் இடத்துல உட்கார்ந்தேன். பாமாலைப் புஸ்தகத்தைத் திறந்து தலையைத் தூக்கினா, பக்கவாட்டு வாசல் வழியா தேவராஜ் உள்ளே வர்றான். அடப்பாவி, ஒரே நாள்ல ரெண்டு ஆராதனையா? இவ்வளவு பக்தி இவனுக்கு எப்போ வந்துச்சு?

மறுபடியும் "ஹலோ, ஹலோ." மறுபடியும் தர்ஷினி. அங்கே காபி போடுறவர், சர்ச்சுல யாராவது தவறிட்டாங்களான்னு துக்கமா விசாரிச்சார்.

மிச்சம் இங்கிலீஷ் ஆராதனை. கிட்டார், டிரம்ஸ், பூரா ஐடி பசங்க. நிக்க இடமில்ல. வாசல்ல இருந்த ஒரு டீச்சரம்மா என் நரைமுடியைப் பார்த்ததும், "வாங்க அங்கிள், சீனியர் சிட்டிசன் பெஞ்ச் இருக்கு"ன்னு கையைப் பிடிச்சு முன்னாடி கூட்டிட்டுப் போனாங்க.

முதல் வரிசை. ரெண்டு பேர் உட்கார்ற சின்ன பெஞ்ச். ஒரு இடத்துல ஏற்கெனவே தேவராஜ்.

உட்கார்ந்தேன். இனிமே ஓட நாலாவது மொழி இல்ல.

டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவுல அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டான்: "காலையிலிருந்து ஏன்யா என் பின்னாடியே வர்ற?"

"நானா? நான் உன்கிட்ட இருந்து தப்பிச்சு ஓடிக்கிட்டிருக்கேன்."

"நானும்தான். ரெண்டு தடவையும் உன்னைப் பார்த்ததும் பக்கவாட்டு வாசல் வழியா ஓடிட்டேன். திருவிருந்து எடுக்காம வந்தா சோறு இல்லைன்னு எங்க வீட்ல சொல்லிட்டாங்க."

அதுக்குள்ள பாஸ்டர் இறங்கி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சு சமாதானம் சொல்லிட்டார். நான் தேவராஜ் பக்கம் திரும்பணும். திரும்பல. அவன் ஃபேனைப் பார்க்கிறான், நான் மைக்கைப் பார்க்கிறேன். பின்னாடி முந்நூறு பேர் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. மொத்த சபையோட சமாதானமும் என் ஒருத்தன் கையில மாட்டிக்கிட்டு நிக்குது.

தேவராஜ்தான் பேசினான், ஃபேனைப் பார்த்துக்கிட்டே. "அன்னிக்குக் கடைசிப் பந்தியில இருபது பேர் காத்துக்கிட்டிருந்தாங்கய்யா. வாளியில எட்டு துண்டுதான் இருந்துச்சு. நான் ரசம் ஊத்தித்தான் சாப்பிட்டேன்."

எட்டு மாசமா இதை நான் கேட்கல. கேட்கத் தோணவும் இல்ல. கையை நீட்டினேன்.

"தேவராஜ், அது ரெண்டாவது பந்தி இல்ல."

"பின்னே?"

"மூணாவது."

அவன் சிரிச்ச சிரிப்புல டிரம்ஸ்காரன் தாளம் விட்டுட்டான். கட்டிப் பிடிச்சுக்கிட்டோம். பெஞ்ச் பெஞ்சா சமாதானம் பின்னாடி போச்சு. நாங்களும் திருவிருந்து எடுத்தோம். வாட்ச்மேன் அன்னிக்கு ஏமாந்தான்.

வாசல்ல பாஸ்டர் எங்க ரெண்டு பேரையும் நிறுத்தி வெச்சுப் பாராட்டினார். ஒரே நாள்ல மூணு ஆராதனைக்கும் வந்த விசுவாசிகளை அவர் இதுவரைக்கும் பார்த்ததே இல்லையாம். அந்த வேகத்துலயே, சபை ஆண்டு விழா விருந்துல மட்டன் வாளியை என் கையில ஒப்படைச்சுட்டார்.

விழா நேத்து நடந்தது. ரெண்டாவது பந்தியிலயும் தேவராஜ் தட்டை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். நான் ஒரு வார்த்தை கேட்கல. சமாதானமா ரெண்டு துண்டு வெச்சேன்.

ரெண்டும் எலும்பு.