பீரோவுக்குள் பாடியவளும் ஸ்கேனரக்காவும்

சந்தேகப்படுவதில் இந்தியாவிலேயே முதல் ஆள் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் ஸ்கேனரக்கா அதில் கலந்துகொள்ள மாட்டார். போட்டி நிஜமாகவே நடக்கிறதா என்று விசாரிக்கப் போயிருப்பார்.

கோயமுத்தூரைத் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், அவர் நடத்திய பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அவர் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை ஊர்க்காரர். விமான நிலையத்தில் பெட்டியை உள்ளே விட்டு வெளியே எடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு பார்வை. கேட்டைத் தாண்டுவதற்குள் நம் கைப்பை, காலணி, மனசு எல்லாம் படமாகிவிடும். அவருடைய நிஜப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. கேட்டால் “எதுக்கு?” என்பார்.

யாருக்காவது காய்ச்சல் என்றால் தர்மாமீட்டரை முதலில் தன் அக்குளில் வைத்துக்கொள்வார். அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் நோயாளிக்குக் கிடைக்கும். மழை பெய்கிறது என்றால் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியவில்லை என்று உறுதி செய்துகொண்டு வந்து “ஆமாங்க, மழைதான்” என்று அறிவிப்பார். அதுவரை நாங்கள் துணியை எடுக்க மாட்டோம்.

என் அறைத்தோழி ரோஸ்லின். இடுக்கி ஏலக்காட்டு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்திலிருந்த பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போவதாக அவள் சொன்னதும், ஸ்கேனரக்காவும் கூடவே கிளம்பிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுப் பூசையும் பார்த்துவிட்டு வந்தார்.

“பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா நடுநடுவே எல்லாரும் எந்திரிக்கறாங்க, ஒக்கார்றாங்க. என்னத்துக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டீங்கறாங்க” என்று என்னிடம் புகார் சொன்னார். உளவு பார்க்க அடுத்த ஞாயிறும் போனார்.

ரோஸ்லினுக்குப் பாட்டுக் கட்டுகிற பழக்கம் இருந்தது. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, செல்போனில் பதிவு செய்வாள். எங்கள் ஜன்னலுக்கு வெளியே கோயமுத்தூர் ரோடு. லாரிச் சத்தம் ஓயாது. அதனால் அவள் கண்டுபிடித்த இடம் பீரோ. துணிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திப் பாடுவாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், ஸ்கேனரக்கா எங்கள் அறையைக் கடந்து போகும்போது, அடைத்த குரலில் ஒரு பெண் கெஞ்சுவது கேட்டிருக்கிறது. “போயிராதே… போயிராதே… இன்னும் கொஞ்ச நேரம் நில்லு…”

நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் கையில் துடைப்பத்துடன் பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“ஆருடா அது? மருவாதியா வெளிய வந்துரு!”

கதவு திறந்தது. வியர்வையில் நனைந்த ரோஸ்லின் கம்பளியோடு வெளியே வந்தாள். ஸ்கேனரக்கா அவளைத் தள்ளிவிட்டு உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். ஒரு பூனைகூட நுழைய முடியாத மேல்தட்டையும் துடைப்பத்தால் குத்திப் பார்த்தார்.

“ஆளெங்கே?”

“எந்த ஆளுக்கா?”

“போயிராதேன்னு ஆரு கிட்டச் சொன்னே?”

“பனி கிட்டக்கா.”

“பனியா? அம்மிணி, உனக்குப் பேசறதுக்கு வேற ஆளே இல்லையா?” ஆண்பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று துடைப்பத்தோடு வந்தவர், ஒருத்தனும் இல்லை என்று தெரிந்ததும் அதற்கும் வருத்தப்பட்டார்.

ரோஸ்லின் விளக்கினாள். “பனி கலைஞ்சா அம்மா ஏலக்காட்டுக்குக் கெளம்பிருவாகக்கா. சின்னப் புள்ளயில எங்க லயத்து வீட்டு வாசல்ல நின்னு, போகாதேன்னு பனி கிட்டக் கெஞ்சுவேன். அதத்தான் பாட்டாக் கட்டியிருக்கேன்.”

ஸ்கேனரக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு கேட்டார். “அப்பறம் உன்ற அம்மா திரும்பி வந்தாங்கல்ல?”

“சாயங்காலம் வந்துருவாகக்கா.”

“தெனமுமா?”

“தெனமும்.”

“செரி” என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பாட்டை ரோஸ்லின் இணையத்தில் போட்டாள். இரண்டு நாள் யாரும் சீந்தவில்லை. பிறகு எப்படியென்று தெரியாது, பற்றிக்கொண்டது. டீக்கடையில், ஆட்டோவில், கோயமுத்தூர் பஸ்ஸில் எங்கே பார்த்தாலும் “போயிராதே”தான். லட்சக்கணக்கில் பேர் கேட்டிருக்கிறார்கள் என்று போனைக் காட்டினேன். ஸ்கேனரக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“ஒரே ஆளு திருப்பித் திருப்பிக் கேக்கறானோ என்னமோ.”

ரோஸ்லினோடு படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களையெல்லாம் கேட்டிலேயே நிறுத்தி, அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். காலேஜ் பெண்கள் பயந்து ஓடினார்கள். ஒரு வார்டு மெம்பர் சால்வையோடு வந்து, அடையாள அட்டை இல்லாததால் கொண்டுவந்த சால்வையோடே திரும்பினார்.

கொச்சியிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனி அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தது. நேரில் ஆள் வரும், பேசி முடிவு செய்யலாம் என்று. ரோஸ்லின் ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். அந்த ஆள் வந்தது அவள் ஷிப்டில் இருந்த நேரத்தில். நீளத் தாடி, காதில் கடுக்கன், கிழிந்த முழங்காலோடு ஜீன்ஸ். ஸ்கேனரக்காவுக்கு வேறு சாட்சி தேவையில்லை. இருந்தாலும் அந்த ஆள் நீட்டிய கம்பெனி அட்டையை வழக்கம்போலப் படம் பிடித்துக்கொண்டார்.

“பாட்டுக் கம்பெனிங்கறீங்க. எங்கே, ஒரு பாட்டுப் பாடுங்க பார்க்கலாம்.”

“சேச்சி, ஞான் பாடகன் இல்லை. மேனேஜராக்கும்.”

“பாட்டுக் கம்பெனியில பாடத் தெரியாத ஆளுங்களா? போயிட்டு வாங்க.”

அவர் ரோஸ்லினுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிப் பார்த்தார். இவர் துடைப்பத்தை எடுத்தார். இனி இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று தாடிக்காரர் காரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வந்த ரோஸ்லின் கத்தவில்லை, சண்டை போடவில்லை. கம்பெனிக்குச் செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

“நான் ஊருக்கே போறேன்க்கா. எங்க அம்மா மாரி நானும் ஏலக்கா எடுத்துக்கிடுதேன். இதெல்லாம் நமக்கு ஆவாது.”

ஸ்கேனரக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, துணி காயப்போடும் முற்றத்துக்கு அழைத்துப் போனார். அவர் முகம் அப்படிச் சிறுத்து நான் பார்த்ததில்லை.

“ஏனுங்க, எனக்கு இப்ப எம்மேலயே சந்தேகமா இருக்குதுங்க” என்றார்.

போனில் இருந்த தாடிக்காரரின் அட்டைப் படத்தை எடுத்து, அதிலிருந்த நம்பரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். காதில் வைத்தால் பாதிப் பேச்சைப் போன் முழுங்கிவிடும் என்பது அவருடைய இன்னொரு சந்தேகம்.

“தம்பி, காலையில வந்தீங்களே, அந்த ஆஸ்டல்ல இருந்து பேசறனுங்க. ரோஸ்லினைக் கூட்டிட்டுப் போங்க.”

மறுமுனையில் தாடிக்காரர் கேட்டார். “ரோஸ்லின்ற பேரைச் சொல்லி இன்னைக்கு எத்தனையோ பேர் விளிச்சாச்சு. நீங்க அந்த ஆஸ்டல்தான்னு ஞான் எப்படி நம்பறது?”

தன் கேள்வியே தன்னிடம் திரும்பி வந்ததும் ஸ்கேனரக்கா போனை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

“என்னைப் பாடச் சொன்னதல்லே சேச்சி? இப்ப நீங்க பாடணும்” என்றார் தாடிக்காரர்.

ஈரத் துணிகளுக்கு நடுவே, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஸ்கேனரக்கா பாடினார். சுருதி ஒரு பக்கம் போனது, தாளம் இன்னொரு பக்கம் போனது. ஆனால் ஒரு சொல் தப்பவில்லை. பல்லவி, முதல் சரணம், இரண்டாம் சரணம். முடிந்தது என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. ரப்பர் செருப்பில் ஒட்டிய ஏலக்காட்டு மண்ணோடு அம்மா படியேறி வருவதாக ஒரு சரணம் வந்தது. இணையத்தில் இருந்த பாட்டில் அது கிடையாது.

விடுதிப் பெண்கள் எல்லோரும் மாடிப்படியில் கூடியிருந்தார்கள். முன்னால் ரோஸ்லின். மடித்த சுடிதாரைக் கையில் பிடித்தபடியே இறங்கி வந்தாள்.

“அந்த மூணாவது சரணத்த நான் பீரோவுக்குள்ள மட்டும்தானக்கா பாடுனேன். நல்லால்லன்னு எடுத்துட்டேன். ஒங்களுக்கு எப்டித் தெரியும்?”

“கதவுக்கு வெளிய நின்னாக் கேக்காதாக்கும்? தெனமும் வேற எவனாச்சும் உள்ள இருக்கறானான்னு பார்க்க வேண்டாமா?” என்றார். சொல்லும்போது கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

போனில் தாடிக்காரரின் குரல் கேட்டது. “சேச்சி, அந்தக் கடைசிச் சரணம் கம்பல்சரி வேணும்.”

முதல் ஒலிப்பதிவுக்கு ஸ்கேனரக்காவும் கொச்சிக்குப் போனார், காவலுக்கு. கண்ணாடி அறையைச் சுற்றிச் சுற்றி வந்து சுவரில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதும் பீரோதானுங்களே. கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்” என்று தீர்ப்புச் சொன்னாராம்.

ரோஸ்லின் இப்போது கொச்சியில் இருக்கிறாள்; அவளுடைய புது ஆல்பம் வந்திருக்கிறது. எஸ்டேட் லயம், மலைப்பாதை பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனது, திடீரென்று ஊருக்கெல்லாம் தெரிந்த முகமாகிப்போனது என்று எல்லாம் அதில் பாட்டாகியிருக்கிறது. நான் கேட்டுவிட்டு, இப்போது நான் குடியிருக்கும் கோயமுத்தூரிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு பஸ் ஏறினேன். ஸ்கேனரக்கா ஏற்கெனவே கேட்டு முடித்து, புகார்களோடு உட்கார்ந்திருந்தார்.

“ஊடுன்னு ஒரு பாட்டு இருக்குதல்ல? எந்த ஊடுன்னு அதுல சொல்லவே இல்லீங்க. அவிய எஸ்டேட்டா, நம்மூடான்னு எனக்குச் சந்தேகம்.”

“அவகிட்டயே கேட்டிருக்கலாமே அக்கா?”

“கேட்டேன். ரெண்டும்தான்கறா. அதெப்படிங்க ரெண்டு இருக்கும்?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கடேசிப் பாட்டுல, எல்லாருக்கும் என்னத் தெரியுது, எனக்குத்தான் தெரியலைன்னு பாடறா பாருங்க. அதுல கொரலே எளைச்சுக் கெடக்குது. சாப்படறதில்லை போல. வீடியோவுல கூப்பிட்டு, பிரிட்ஜைத் தொறந்து காட்டுன்னேன். ரெண்டு தண்ணி பாட்டலும் ஒரு எலுமிச்சம்பழமும். நாளைக்குக் கொச்சிக்குக் கெளம்பறேன்.”

பஸ் ஸ்டாப் வரை வந்தார். பஸ் கோயமுத்தூருக்குத்தான் போகிறதா என்று டிரைவரிடம் ஒரு தடவை, கண்டக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். போர்டு இருந்ததே என்றால், போர்டை யார் வேண்டுமானாலும் மாட்டலாமாம்.

இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்து, வந்துவிட்டேன் என்று போன் செய்தேன். நிஜமாகவா என்றார். வாசல் கதவைப் படம் எடுத்து அனுப்பினேன். “இது உங்க ஊட்டுக் கதவுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று பதில் வந்தது. உள்ளே போய், என் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் நம்பும்படியாகச் சிரித்து, இன்னொரு படம் எடுத்து அனுப்பினேன்.