பதினான்கா, இருபத்தாறா?

கருங்குழி,
24-1-1971

சம்பந்தி ஆகியிருக்க வேண்டிய, சதுரங்கப்பட்டினம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பக்தவச்சலம் அவர்கள் சமுகத்துக்கு, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் உலகநாதன் வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம், இரண்டு உள்ளான் குருவிகள் நீங்கலாக.

பொங்கல் கழித்து நாம் தாம்பூலத் தட்டு மாற்றும் நேரத்தில் கொல்லை வயலிலிருந்து அந்தப் பாழாய்ப்போன பறவை எழும்பியதும், தாங்கள் "வளைஞ்சி வளைஞ்சி பறக்குது பாரு, விசிறிவால் உள்ளான்" என்றதும், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் "றெக்கை ஓரத்துல வெள்ளையே இல்லியே, ஊசிவால்" என்றதும், "ஒரு குருவி தெரியாத வூட்டுல பொண்ணு எடுக்கறதா? எழுந்திருடா நீலமேகம்!" என்று தாங்கள் கேசரியைக்கூடத் தொடாமல் கிளம்பியதும், மாப்பிள்ளை மூன்று முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே என் இடது செருப்பைப் போட்டுக்கொண்டு போனதும் தாங்கள் அறிந்ததே. அன்றிலிருந்து என் மகள் வசுமதி சரியாகச் சாப்பிடவில்லை.

வாலை எண்ணிவிடுவது என்று துணிந்தேன். விசிறிவாலுக்குப் பதினான்கு இறகு, எல்லாம் அகலம். ஊசிவாலுக்கு இருபத்தாறு, இரண்டு ஓரமும் ஊசி ஊசியாக. அதே வயலில் ஒன்று பிடித்து வா என்று வலைக்கார மாயவனிடம் சொன்னால், அவன் சுத்தமாக உரித்து மஞ்சள் தடவிக் கொண்டுவந்து, "மொளகா மட்டும் வூட்டுல போட்டுக்கோ சார்" என்கிறான். "அடப்பாவி, வாலு எங்கடா?" என்றால், "வாலை யாரு சார் துன்றாங்க?" என்கிறான். மறுநாள் இறகோடு ஒன்று வந்தது. நான் மூக்குக்கண்ணாடி தேடப் போன நேரம் வசுமதிதான் பூனை தூக்காமல் காவல் காத்தாள். வந்து மூன்று தரம் எண்ணினேன். பதினான்கேதான், எல்லாம் அகலம்.

ஆகவே தாங்கள் சொன்னதே சரி, நான் முட்டாள். அத்தாட்சியாக வாலைப் பார்சலில் அனுப்புகிறேன். மாசியில் நல்ல நாள் பார்த்து வந்து கேசரி சாப்பிட வேண்டும். செருப்பையும் கொண்டுவரவும்.

அங்கே பெரியவர்களுக்கு நமஸ்காரம், மாப்பிள்ளைக்கு ஆசி.

இப்படிக்கு,
தோற்றதில் மகிழும்
உலகநாதன்

பி.கு.: இதைத் தாங்கள் படிக்க வேண்டாம். பார்சலைத் தைக்க ஊசி தேடி வசுமதியின் தையல் பெட்டியைத் திறந்தேன். ஊசிகளுக்கு நடுவே பன்னிரண்டு மெல்லிய இறகுகள். பதினான்கும் பன்னிரண்டும் எத்தனை என்று தலைமையாசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "இன்னாம்மா இது?" என்றேன். "நீ ஜெயிச்சா எனக்கு இன்னாப்பா லாபம்?" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஆகையால் மேலே ஒரு எழுத்தும் மாற்றவில்லை. முகூர்த்தம் வரை அது விசிறிவால்தான். தாலி ஏறிய மறு நிமிஷம் ஊசிவால்.