கட்டிங் பிளேயர் நிறுத்திய சிரிப்பு

அரூரில் எங்கள் தெரு எப்போது சிரிக்கலாம், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் ஒரே ஒரு மனிதர். கவுன்சிலர் அல்ல, இன்ஸ்பெக்டரும் அல்ல, கேபிள்காரர். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அவர் சட்டைப்பையில் கட்டிங் பிளேயர் எட்டிப் பார்க்கும். அதுவே அவர் பெயராகிவிட்டது.

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பரீட்சை மாதத்தில் லைன் கிடையாது. கம்பத்தில் ஏறி அவராகவே வெட்டிவிடுவார்.

"மேட்ச் ஓடுதுங்கண்ணா, போட்டு வுடுங்க. பரீட்சை பையனுக்குத்தானே?" என்று கெஞ்சினான் பையனின் அப்பா குமரேசன்.

"வூட்ல எல்லாருக்குந்தான் பரீட்சை. போயி அவனுக்குக் கேள்வி கேளு" என்று கம்பத்திலிருந்தே தீர்ப்பு வந்தது.

தெருவில் சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும் வரை தெரு முழுக்க லைன் கட். சீரியலில் மாமியார் கலந்த விஷப்பால் மருமகளின் உதட்டுக்கு வந்திருந்தாலும் கட்தான்.

"அங்க ஒரு வூட்ல அழுவுறாங்க. இங்க என்னங்க சிரிப்பு?"

டிவி ஓடாத வீட்டில் என்ன செய்வது? எல்லாரும் எழுந்து சாவு வீட்டுக்கே போனார்கள். எங்கள் தெருவில் துக்கத்துக்குக் கூட்டம் சேர்ந்த ரகசியம் இதுதான். பாசம் என்று யாரும் ஏமாற வேண்டாம்.

பிறகு நெட்டில் படம் காட்டும் பெட்டி வந்தது. முதலில் வாங்கியவன் குமரேசன். வீடு வீடாகக் கேபிள் ஒயரைக் கழற்றித் துணி காயப்போடக் கொடி கட்டினார்கள்.

"நல்ல ஒயருங்க. நனைஞ்ச போர்வையே தாங்கும்" என்றார் கட்டிங் பிளேயர்.

போன மாதம் அவர் மனைவி இறந்துபோனார். நான் போனபோது ஷாமியானாவின் கீழ் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எதிரே குமரேசன் வீட்டில் காமெடிப் படம். வீடே அதிரும்படி சிரிப்பு.

கட்டிங் பிளேயர் நிமிர்ந்து பார்த்தார். யாரும் தடுப்பதற்குள் போய்க் கம்பத்தில் ஏறினார். ஒரு பழைய கேபிள் ஒயரை வெட்டினார். சிரிப்பு நிற்கவில்லை. இன்னொன்றை வெட்டினார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கையில் பிளேயரோடு அங்கேயே நின்றார், இறங்கத் தெரியாதவர் போல.

நான் நேராகக் குமரேசன் வீட்டுக்குள் போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"என்னங்கண்ணா, கரண்ட் போயிருச்சா?"

"லைன் கட். எந்திரிச்சு வா."

வெளியே வந்து கம்பத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "நின்னுருச்சுங்கண்ணா, எறங்குங்க!"

"நம்ம லைன்தானே?"

"உங்க லைன்தாங்கண்ணா."

மெல்ல இறங்கி வந்தார். கையிலிருந்த பிளேயரை வாங்கி, அவர் சட்டைப்பையில் நானே வைத்தேன்.