கல்நாக்குச் சாமியும் மூணு டம்ளரும்

செவ்வாய்க்கிழமை ஆனால் அரிமளம் ரோட்டில் நடக்க வழி கிடையாது. விராலிமலையிலிருந்து வேன் வரும். ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் வண்டி வரும். ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். வருகிறவர்கள் எல்லோர் கையிலும் மஞ்சள் துணி சுற்றிய பாட்டில். எல்லா பாட்டிலிலும் வெள்ளை ஒயின். எல்லோரும் தேடி வருவது கல்நாக்குச் சாமியை!

சாமி குடிகாரர் இல்லை. தப்பாக நினைத்துவிடாதீர்கள். அவர் நீரோட்டம் பார்க்கிறவர்.

அந்தப் பக்கத்துப் பூமி முழுக்கப் பாறை. போர் போட்டால் தண்ணீருக்கு முன்னால் புழுதி வரும். புழுதிக்குப் பின்னால் மறுபடியும் புழுதி வரும். தேங்காயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள், வேப்பங்குச்சியைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் சாமி வந்து இறங்கினார். அவர் முறை ரொம்ப நவீனம். சீல் உடைக்காத ஒயின் பாட்டிலை வயலில் தலைகீழாகப் புதைக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஒயின் அந்தப் பூமியின் கல்லைக் 'குடிக்கும்'. காலையில் சாமி அதைக் குடித்துப் பார்த்து, கீழே என்ன கல், எங்கே தண்ணீர் என்று சொல்லுவார். பாட்டில் சாமியிடம்தான் வாங்க வேண்டும். மற்ற பாட்டிலுக்குத் தீட்சை கிடையாதாம்.

"இது சரக்குதானுங்களே சாமி?" என்று ஒரு அம்மாள் கேட்டே விட்டாள்.

"சரக்கு மனுசன் குடிக்கிறது. இது பூமி குடிக்கிறதும்மா."

அந்த அம்மாள் பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மிச்ச ஒயினைத் தீர்த்தமாகக் கொடுத்தார்கள். கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத ஆம்பிளைகள் எல்லாம் குளித்து, பட்டை போட்டு, விடிவதற்கு முன்னாலேயே வரிசையில் நின்றார்கள். பக்தி அப்படிப் பெருகிவிட்டது.

இந்தக் கூட்டத்தில் அழகியும் ஒருத்தியாக நின்றாள். அவள் புருஷன் ரத்தினவேல் சவூதியில் இருந்துவிட்டு வந்தவன். ஊரில் விவசாயம் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பவன். அவன் பாட்டில் முறை வந்தது. சாமி ஒயினைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினார். சுழற்றினார். வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மூக்கை உள்ளே விட்டார். ஒரு வாய் எடுத்து, "சர்ர்ர்ர்" என்று காற்றை உறிஞ்சினார்.

"சாமி எறங்கிருச்சு!" என்று பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் குலவை போட்டாள். சாமிக்கு எந்த நேரத்தில் குலவை போட வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஊரிலேயே பெரிய பக்தை.

"ஈரக் கருங்கல்லு… மழை பெஞ்சு ஓஞ்ச பாறை… சிக்கிமுக்கி தட்டுன வாசம்… எலுமிச்சந்தோலு…" சாமியின் கண் மேலே செருகியது. "கடைசியில நாக்கு ஓரத்துல ஒரு உப்பு. ரத்தினவேலு! ஒன் வீட்டு அடுப்படிக்குக் கீழ ஆறு ஓடுதப்பா!"

அழகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அடுப்படி அவள் கட்டியது. புருஷன் வெளிநாட்டில் இருக்க, கொத்தனாரோடு மல்லுக்கு நின்று, பச்சை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து ஒட்டவைத்தது. அதற்கு முன்னால் தகரச் சாய்ப்பில் சமைத்தாள். மழை பெய்தால் ரசம் தானாகப் பெருகும். அந்த அடுப்படியையா இடிப்பது?

அன்றைக்குத்தான் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. சாமி காட்டும் தண்ணீர் எல்லாம் தோண்ட முடியாத இடத்திலேயே ஓடுகிறது! ஒருவருக்கு மாமனார் வீட்டுக்கு அடியில். ஒருவருக்குத் தார் ரோட்டுக்கு அடியில். இன்னொருவருக்கு அய்யனார் கோயில் குதிரைக்கு நேர் கீழே. யாரும் தோண்டவில்லை, அதனால் சாமி வாக்கும் பொய்க்கவில்லை. ரத்தினவேல் மாதிரி ஒரு மனுஷன் நிஜமாகவே ஜேசிபி சொல்லுவான் என்று சாமியே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"மூடுன பாட்டிலுக்குள்ள கல்லு எப்படிங்க போகும்?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"கண்ணாடிக்கும் மூச்சு இருக்காம். சாமி சொன்னாரு."

"அப்படின்னா புளிப்பானைக்குள்ள வச்ச ஊறுகா பாட்டிலு ஏங்க இன்னும் புளியா மாறல?"

"ஒனக்கு எல்லாத்துலயும் கிண்டல். வெள்ளிக்கெழம காலையில வண்டி வருது. சாமானை வெளிய எடுத்து வை."

அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அழுகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டாள். பிச்சையம்மாளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமியிடம் இன்னொரு பாட்டில் வாங்கினாள். அதைப் புதைக்கவில்லை. ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜேசிபியும் வந்தது. வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு உறுமியது. ஊரே திரண்டிருந்தது. பூசை போடச் சாமியும் வந்திருந்தார். முகத்தில் கொஞ்சம் வேர்வை.

"சாமி, இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுதல்," என்றாள் அழகி. "விராலிமலையில எங்கண்ணன் தோட்டம், ஜெகதாப்பட்டினத்துல எங்க சித்தி கொல்லை, அப்புறம் எங்க வயலு. மூணு மண்ணுலயும் பாட்டிலு பொதச்சு எடுத்தாச்சு. பாத்துச் சொன்னீங்கன்னா எம் மனசு ஆறிரும்."

"பாட்டில் எங்க?"

"வெளிய வச்சா ஆம்பளைங்க விட்டு வைப்பாங்களா சாமி? டம்ளர்ல ஊத்திக் கொண்டாரேன்."

கூட்டம் சிரித்தது. சாமியும் சிரித்துத் தலையாட்டினார். ஜேசிபியைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட அவருக்கும் ஆசைதான்.

அழகி பிச்சையம்மாளை அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"யக்கா, இது நீங்க கூட வந்து வாங்குன பாட்டிலு. சீலைப் பாத்துக்கங்க. மண்ணுலயே படல. நீங்களே ஒடச்சு, நீங்களே மூணு டம்ளர்லயும் ஊத்துங்க. மூணும் ஒண்ணுன்னு சாமி சொல்லிட்டா, மொத கடப்பாறையை நானே போடுறேன். அது வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

"எஞ்சாமி சொல்லுமடி! நீ கடப்பாறையை எடுத்து வை!" என்று பிச்சையம்மாள் சபதம் போட்டு ஊற்றினாள்.

முதல் டம்ளர். விராலிமலை என்றாள் அழகி. "சர்ர்ர்ர்!"

"ஆகா! காஞ்ச மலைப்பாறை! வெயில்ல சுட்ட கல்லு! மயிலு அலகு தீட்டுன வாசம்!"

மயில் அலகு எப்படி மணக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டல்தான் காதைப் பிளந்தது.

இரண்டாவது டம்ளர். ஜெகதாப்பட்டினம். "சிப்பி ஓடு! கடலுப்பு! ஈர வலை! சுண்ணாம்பு மண்ணும்மா இது!"

மீன் வண்டியில் வந்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள். குலவை மட்டும் வரவில்லை. பிச்சையம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது டம்ளர். "எங்க வயலு," என்றாள். சாமி ஜேசிபியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அடடா, நீரோட்டம் நகந்திருச்சே! அந்தக் கருங்கல் வாசமே இல்ல. இப்ப களிமண்ணும் வெண்ணெயும்தான்! அடுப்படியை விட்டு, பஞ்சாயத்து ஆபீஸுக்கு அடியில போயிருச்சப்பா!"

ரத்தினவேல் வாயைப் பிளந்தான். அழகியின் அடுப்படி தப்பியது. வேறு பெண்ணாக இருந்தால் இத்தோடு கும்பிட்டுவிட்டு உள்ளே போயிருப்பாள். அழகி பிச்சையம்மாளைப் பார்த்தாள். பிச்சையம்மாள் வாயிலிருந்து முந்தானை விழுந்தது.

"அடப்பாவி! மூணும் ஒரே பாட்டிலுடா! எங்கையால ஊத்துனேன்! தோசை மாவுக்குப் பக்கத்துல இருந்துச்சுடா! மயிலாம், சிப்பியாம், வெண்ணெயாம்! இந்தப் பயலுக்கா நான் தொண்டை கிழியக் குலவை போட்டேன்?"

கூட்டம் டம்ளரைப் பார்த்தது, சாமியைப் பார்த்தது. சாமி சுதாரித்தார். "டம்ளருக்கு டம்ளர் ராசி மாறும்மா…"

"அதுக்கென்ன சாமி, மாறட்டும்," என்றாள் அழகி. "கண்ணைக் கட்டிக்கிட்டு இதே மூணு டம்ளரையும் மறுபடி குடிங்க. நான் எடம் மாத்தி வைக்கிறேன். எது மலை, எது கடலுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

சாமிக்குத் திடீரென்று போன் வந்தது. மணி அடிக்காத போன். அதைக் காதில் வைத்துக்கொண்டே வேலியைத் தாண்டினார். அந்தக் களேபரத்தில் ஜேசிபி டிரைவர் மூன்று டம்ளரையும் ஒவ்வொரு வாய் பார்த்துவிட்டு, "மூணும் புளிக்குதுங்க" என்றார். அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே உண்மையான ருசி அதுதான்.

சாமியின் பூர்வீகம் பிறகு தெரிந்தது. பெயர் ஆத்மநாதன். சுற்றுலாக் கப்பலில் வெள்ளைக்காரர்களுக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்த ஆள். அவர்கள் சொன்ன ஈரக்கல்லையும் சிப்பி ஓட்டையும் அப்படியே பொறுக்கி வந்து, நம் ஊரில் ஆறு ஓட விட்டிருக்கிறார்.

"அப்ப தண்ணிக்கு என்னதான் பண்றது?" ரத்தினவேல் தலையைச் சொறிந்தான்.

அழகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கம்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துவாரி கருவேலமுள்ளு மண்டிக் கெடக்கு. ஜேசிபி வாசல்லதான் நிக்குது. பாட்டிலு பொதைக்க மம்பட்டி தூக்குன அத்தனை பேரும் அங்கிட்டு நடங்க. நாக்கைத்தான் சாமிக்குக் குத்தகைக்கு விட்டீங்க. அதுக்கு நாலு விரக்கடை மேல மூளைன்னு ஒண்ணு கெடக்கு பாருங்க, போற வழியில அதையும் கொஞ்சம் தோண்டிப் பாத்துட்டுப் போங்க!"